இழைமணி

பல்லிடுக்கில் ஒரு நூல்.
லாச்சிக்குள் இன்னொன்று,
விட்ட பக்கத்தில் அடையாளத்துக்கு
ஒரு காதுக்குச்சி.

வெள்ளவத்தை. காலி வீதி.
மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
நூறாம் இலக்க பஸ் பிரேக் அடிக்கும்போதெல்லாம்
கண்ணாடிகள் ஒருதரம் நடுங்கும்,
அவற்றில் இருக்கும் முகங்களும்.

பதினொரு வருசமாய்ப் புருவம் எடுக்கிறேன்.
ஆண்டு எட்டோடு நின்றவள்.
வாயில் நூல் இருப்பதால்
அதிகம் கதைக்காத பிள்ளை என்று பேர்.
கதைத்த கொஞ்சமும்
பவளராணி அக்கா பழக்கியது:
"கறுத்துப்போனீங்கள் என்ன?"
"வெயிலுக்குள்ள திரிஞ்சனீங்களோ?"
முதலில் முகத்தில் ஒரு ஓட்டை போடவேணும்,
பிறகுதான் கிறீம் போத்தலைத் திறக்கவேணும்.
நான் அதில் கெட்டிக்காரி.

மருதானை நடைபாதையில்
மழைக்கு ஒதுங்கியபோது கண்டது அது.
அட்டை கிழிந்த உயர்தர உயிரியல்.
யாரோ ஒரு செல்வரூபி
சோதனைப் பயத்தில் ஓரமெல்லாம் பூக் கீறியிருந்தாள்.
விரிந்து கிடந்த பக்கத்தில்
தோலின் குறுக்குவெட்டு.
பதினொரு வருசம் தொட்டுத் தொட்டுப் பிழைத்த ஒன்றின்
உட்பக்கத்தை அன்றுதான் பார்க்கிறேன்.
நூற்றைம்பது ரூபா. பேரம் பேசவில்லை.

இரத்மலானைக்குப் போகும் ரயிலில்
ஒரு கையால் கம்பி, ஒரு கையால் பக்கம்.
கடல் வலப்புறம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு
தன்பாட்டில் போகும்.
விளங்காத சொற்களைப்
பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிவைப்பேன்:
மேற்றோல். உட்டோல். மெலனின். இழைமணி.
ஒரு சொல் விளங்க ஒரு கிழமையும் போகும்.
விளங்கிய அன்று
இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிடுவேன்.

மெலனின் ஒரு குடை.
வெயில் ஏற ஏற, கேளாமலே
ஒவ்வொரு கலத்தின் கருவுக்கும் மேலே
உடம்பு விரித்துப் பிடிக்கிற கறுப்புக் குடை.
நான் அதைப் பறிக்கப் பார்த்திருக்கிறேன்,
காசும் வாங்கியிருக்கிறேன்.

சனிக்கிழமை பிருந்தாஜினி வந்தாள்.
கலியாணத்துக்கு இரண்டு கிழமை.
தாய்தான் கதைத்தா:
"ஒரு கலராவது கூட்டிவிடுங்கோ தங்கச்சி,
மாப்பிள்ளை வீட்டார் லண்டன்."
நான் சொல்லவேண்டிய வசனம்
நாக்கு நுனியில் தயாராய் நின்றது.
அக்கா காசு மேசையிலிருந்து தலையாட்டினா.

நூலை வாயிலிருந்து எடுத்தேன்.
"இது அழுக்கில்லை அம்மா.
உள்ளுக்குள்ள குடை பிடிச்சிருக்கு."

சொன்னபிறகு எனக்கே விசராய்த்தான் கேட்டது.
தாய் கைப்பையை எடுத்தா.
பெட்டை மட்டும் கண்ணாடிக்குள்ளிருந்து
என்னைப் பார்த்துச் சிரித்தாள்,
வந்ததிலிருந்து முதல்தரம்.
"எங்க படிச்சனீங்கள்?"
"ரயிலில."

பதினெண்ணாயிரம் ரூபா பில்
படியிறங்கிப் போனது.
அக்கா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

அன்றிரவு கடை பூட்டும்போது
கண்ணாடியில் நான் நின்றேன்.
மூக்கோரத்து மங்கு நின்ற இடத்திலேயே நின்றது.
வழமையாய் அதைத்தான் முதலில் தேடுவேன்.
அன்று மறந்துபோய்,
சிரிக்கும்போது கன்னத்தை இழுப்பது எந்தத் தசை என்று
இரண்டு மூன்று தரம் சிரித்துப் பார்த்தேன்.
தசைகள் அடுத்த அத்தியாயம்.
ஆறரை ரயில் போய்விட்டிருந்தது.

மூன்றாம் நாள் அக்கா வாய் திறந்தா,
பில் புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடித்தபடி.
"உவள் ஆர் இழைமணி?
எவ்வளவு தரவேணும்?"

"எங்களிட்ட வாங்கினவள் இல்லை அக்கா.
ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் இருந்து
இரவு பகலாய் அடுப்பெரிக்கிறவள்.
உங்களுக்குள்ளயும்தான்.
நாங்கள்தான் அவளுக்குக் கடன்."

கீழே பஸ் பிரேக் அடித்தது.
கண்ணாடிகள் நடுங்கி ஓய்ந்தன.
அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
அடுத்த சொல்லை
எழுத்துக் கூட்டத் தொடங்கினா.